அத்தையின் மூக்குத்தி

போன இதழில் குழந்தைகளுக்குப் பல் முளைப்பதைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. எழுதிய எல்லாருக்கும் நன்றி. அவற்றுக்கு நடுவில் ஒரு சகோதரி மட்டும் பல்லைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் வேறு ஒன்றைக் கேட்டிருந்தார். தன் மாமியாருக்கு மூக்கிலிருந்து துர்நாற்றம் வருகிறதாம். அந்த அம்மாளுக்கு அது தெரியவே இல்லையாம். பிள்ளைகள் பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார மாட்டேன் என்கிறார்களாம். எப்படிச் சொல்வது, ஏதாவது கைவைத்தியம் உண்டா என்று கேட்டிருந்தார்.

கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். ஏனென்றால் இதே கதை எங்கள் வீட்டில் 2017-இல் நடந்தது. இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தில் எது எதையோ எழுதினேன். இதை மட்டும் எழுதவில்லை. அத்தையிடம் (என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) கேட்டேன். "எழுதேன். என் பேரைப் போட்டுடாதே. நீங்க என்னை எங்கே படுக்க வெச்சீங்கங்கிறதையும் சேர்த்து எழுது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமம். ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, பக்கவாட்டில் மாட்டுக்கொட்டகை. அத்தைக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. இளம் வயதிலிருந்தே மூக்கு அடைப்பு, உள்ளே பொருக்குக் கட்டுவது, அவ்வப்போது லேசாக ரத்தம் கசிவது எல்லாம் உண்டு. ஊரில் இதைப் பீனிசம் என்பார்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பார், சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார். நாற்றம் வந்தது கடைசி மூன்று நான்கு வருஷங்களில்தான். அதைச் சொல்லவே கூசுகிறது. பக்கத்தில் நின்று பேச முடியாது. பூ வைத்துவிடக் குனிந்தால் எனக்குக் குமட்டும். ஆனால் அவருக்கு மட்டும் தெரியாது. சாம்பார் தீய்ந்தால்கூட அவருக்கு மணம் தெரியாமல் போயிருந்தது. வயசாச்சு, அப்படித்தான் என்று நினைத்தோம்.

மூக்கின் உள்தோல் சுருங்கி, வறண்டு, அதன் மேல் பச்சைப் பொருக்குகள் படிந்து அழுகும் ஒரு நோய் உண்டு என்பதும், பெண்களுக்குத்தான் அது அதிகம் என்பதும், வாசனை அறியும் நரம்பின் முனைகளே அதில் கெட்டுப்போவதால் நோயாளிக்குத் தன் நாற்றம் தெரியாது என்பதும் பிறகு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நாங்கள் செய்தது என்ன? "உள்ளே ஒரே புழுக்கமா இருக்கு, அத்தை. திண்ணையில் காத்து நல்லா வருது" என்று சொல்லி அவருடைய கயிற்றுக் கட்டிலைத் திண்ணைக்கு மாற்றினோம். சொன்னது நான்தான். இவரும் ஒன்றும் சொல்லவில்லை, மாமாவும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் காரணம் தெரியும். அத்தைக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அது புரட்டாசி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்து, கொட்டகையில் ஈ மொய்த்த நாட்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு அத்தை திண்ணையில் அயர்ந்து தூங்குவார். மூக்கு அடைத்திருப்பதால் வாயைத் திறந்தபடி தூங்குவார். கொட்டகை ஈக்கள் எட்டடி தூரத்தில்.

ஒரு நாள் காலையில், "மூக்குக்குள்ளே என்னமோ ஊருதுடி" என்றார். தும்மலாகத் தும்மினார். அடுத்த நாள் தலைவலி, மூக்கிலிருந்து ரத்தம் கலந்த நீர், வலது கண்ணுக்குக் கீழே வீக்கம். பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை. சளி உள்ளே கட்டியிருக்கிறது என்று மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார். அந்த மூன்று நாள்தான் எங்களைக் கெடுத்தது. நான்காம் நாள் மூக்கின் வலது மடல் சிவந்து, பளபளவென்று ஆகி, ஓரத்தில் ஒரு பொத்தல் விழுந்திருந்தது. மூக்குத்திக்குப் பக்கத்திலேயே. அத்தை தும்மியபோது துண்டில் விழுந்ததை முதலில் பார்த்தது என் மகள். அரிசி மாதிரி வெள்ளையாக, நெளிந்துகொண்டு. குழந்தை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

காரைப் பிடித்துக்கொண்டு பெரிய ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காது மூக்கு தொண்டை வார்டில் இருந்த டாக்டரம்மாவுக்கு இது புதிதல்ல போலிருக்கிறது. "ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் இது வரத்தான் செய்யும்" என்றார். மூக்குத்தியைத் திருகு கழற்றி என் கையில் கொடுத்தார்கள். சிவப்புக்கல் வைத்தது, அத்தைக்குக் கல்யாணத்தில் போட்டது. மடலில் சதை இல்லாததால் கழற்ற வேண்டிய வேலையே இல்லை, தானாகக் கையோடு வந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள்.

டர்பன்டைன் எண்ணெயை மருந்தாகப் பயன்படுத்தும் அளவில் பஞ்சில் நனைத்து உள்ளே வைப்பார்கள். மூச்சு முட்டிப் புழுக்கள் பள்ளத்திலிருந்து வெளியே வரும். குழாய்க் கண்ணாடியால் பார்த்தபடி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். ஒரே நாளில் முடியாது. ஐந்து நாள் எடுத்தார்கள். முதல் நாள் மட்டும் முப்பதுக்கு மேல். ஐவர்மெக்டின் மாத்திரையும் கொடுத்தார்கள். மற்ற ஈக்கள் வந்து உட்காராமல் இருக்கக் கட்டிலைச் சுற்றி எந்நேரமும் கொசுவலை. கிராமத்தில் மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் பினாயிலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றுகிற பழக்கத்தில் மனுஷர் மூக்கிலும் ஊற்றிவிடாதீர்கள், சகோதரிகளே. அப்படி ஊற்றி நுரையீரல் வெந்து வந்தவர்களும் உண்டு என்றார் டாக்டரம்மா.

இந்த ஈ சாதாரண வீட்டு ஈ அல்ல. கால்நடைகளின் புண்ணில் முட்டையிடுகிற, பச்சை நீலமாக மினுக்கும் ஜாதி. உயிருள்ள சதையில்தான் அதன் புழு வளரும். ஓர் ஈ ஒரே தடவையில் நூற்றுக்கும் மேலே முட்டையிடும். ஒரே நாளில் பொரிந்து, ஐந்தாறு நாள் சதையைத் தின்று கொழுத்து, பிறகு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். துர்நாற்றம்தான் அதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி. மூக்கோடு நிற்காமல் கண்குழிக்கும், அபூர்வமாக மூளைக்கும்கூடப் போய்விடுமாம். அந்த மட்டில் தப்பித்தோம். ரத்தம் சோதித்தபோது சர்க்கரை முந்நூற்றைத் தாண்டி நின்றது. அதுவும் அன்றுதான் தெரியும்.

உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆனால் வலது மூக்கு மடல் முழுவதும் இல்லை. நுனியில் பாதி இல்லை. நடுத்தண்டில் ஒரு ஓட்டை.

அதற்குப் பிறகு வந்த எட்டு மாதம்தான் மிகவும் கொடுமை. நாற்றம் இப்போது இல்லை, மூக்குக் கழுவக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் கட்டிலைக் கூடத்துக்கு எடுத்து வந்துவிட்டோம். ஆனால் அத்தை கூடத்துக்கு வரவில்லை. நெல் கொட்டும் உள்ளறையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டிலிருந்த கண்ணாடியை எல்லாம் மாமா கழற்றி வைத்தார். 2018 தை மாதம் என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. முதல் பேத்தி. சீர்த்தட்டை அடுக்கியதெல்லாம் அத்தைதான், இரவோடு இரவாக. விடிந்ததும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வந்த சொந்தக்காரர்களில் சிலர் காதோடு காதாகப் பேசியது "பெருநோய்" என்று. நான் ஒவ்வொருவரிடமும் போய், "இல்லை, ஈ முட்டையிட்டுப் புழு வைத்தது" என்றா விளக்க முடியும்? அதைவிட இதுவே மேல் என்று அத்தை நினைத்திருப்பாரோ என்னவோ.

மாலையில் என் மகள் பட்டுப்பாவாடையோடு போய்க் கதவைத் தட்டி, "அப்பாயி, நீ வந்து பார்க்கலைன்னா நான் இந்த நகையெல்லாம் கழற்றிடுவேன்" என்று அழுதாள். அன்றைக்குத்தான் கதவு திறந்தது. அடுத்த வாரமே இவர் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்து வந்தார். பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரைப் பாருங்கள் என்றார்களாம்.

"பிளாஸ்டிக்கா? குடம் மாதிரி மூக்கு வைப்பாங்களா? வெயில்ல உருகாதா?" என்று கேட்டார் அத்தை. நானும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்தேன். பிளாஸ்டிக் என்றால் உருவம் கொடுப்பது என்று அர்த்தமாம், ஒரு துளி பிளாஸ்டிக் கிடையாது, அவருடைய நெற்றித் தோலும் காதுக் குருத்தெலும்பும்தான் மூக்காகும் என்று டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். ஆனால் உடனே செய்ய மாட்டோம் என்றார். சர்க்கரை கட்டுக்குள் வரவேண்டும். புண் முழுக்க ஆறி, தழும்பு சுருங்கி நிற்க வேண்டும். மூக்கின் உள்நோய் அடங்க வேண்டும். அப்புறம் அத்தையின் வெற்றிலைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "புகையிலையை இன்றே நிறுத்தினால்தான்" என்றார். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், திருப்பி வைக்கிற தோல் கறுத்துச் செத்துவிடும் என்றார். நாற்பது வருஷப் பழக்கம். அத்தை பெட்டியை மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்து படுத்தவர்தான், மறுபடி தொடவில்லை. அந்த முதல் பதினைந்து நாள் வீட்டில் யாரும் அவர் எதிரில் நிற்க முடியவில்லை, அது வேறு விஷயம்.

2018 வைகாசியில் முதல் ஆபரேஷன். நன்றாக இருந்த இடது மடலின் அளவை ஒரு மெல்லிய உலோகத் தாளில் வெட்டியெடுத்து, அதைத் திருப்பிப் போட்டால் வலது மடலின் அளவு. நாம் ரவிக்கைக்கு ஒரு கையை வெட்டித் திருப்பிப் போட்டு மறுகையை வெட்டுவோமே, அதேதான். அந்த அளவை நெற்றியில் தலைமுடி ஓரத்தில் வைத்து வரைந்து, அங்கிருந்து புருவத்தின் உள்முனை வரை ஒரு நாடா மாதிரித் தோலை எடுப்பார்கள். ஆனால் புருவத்தருகே அறுக்க மாட்டார்கள். அந்த அடியில்தான் ரத்தக் குழாய் இருக்கிறது. அங்கே பிடித்துக்கொண்டு நாடாவைக் கீழே திருப்பி, மூக்கில் வைத்துத் தைப்பார்கள். உள்பக்கத்துக்கு ஓட்டை ஓரத்துத் தோலையே மடித்துப் போட்டு, நடுவில் காதிலிருந்து எடுத்த குருத்தெலும்பை முட்டுக் கொடுத்திருந்தார்கள். இல்லாவிட்டால் மூச்சை இழுக்கும்போது புது மடல் உள்ளே ஒட்டிக்கொள்ளுமாம்.

கட்டுப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு மயக்கமே வந்துவிட்டது. புருவத்திலிருந்து மூக்குக்கு ஒரு சதைப் பாலம் தொங்குகிறது. முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்தான், இருந்தாலும் பார்ப்பது வேறு. அத்தை கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளையாரப்பா, உனக்கு வேண்டிக்கிட்டதுக்கு உன்னை மாதிரியே ஆக்கிட்டியே" என்றார். வார்டே சிரித்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் கண்ணாடி பார்த்தது அன்றுதான்.

மூன்று வாரம் அந்தப் பாலத்தோடு இருக்க வேண்டும். தலையணையை உயர்த்தி மல்லாந்தே படுக்கணும், மூக்குக்கண்ணாடி போட முடியாது, அதனால் பேப்பர் படிக்க முடியாது. கட்டு நனைந்து நனைந்து மாற்றணும். இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். புது மூக்கில் ஈ உட்கார்ந்தால் அத்தை நெற்றியைத் தட்டுவார். நரம்பு இன்னும் நெற்றியோடுதான் ஒட்டியிருக்கிறது, அதனால் மூக்கைத் தொட்டால் நெற்றியைத் தொட்டது போலத்தான் தெரியும் என்றார் டாக்டர். ஈ என்றாலே நாங்கள் எல்லாரும் பதறிப்போய் விசிறியைத் தூக்குவோம், அது தனிக் கதை.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் டாக்டர் சொன்ன விஷயத்தை இங்கே எழுதியே ஆகவேண்டும். இந்த நெற்றித்தோல் வித்தைக்கு உலகம் முழுவதும் இந்திய முறை என்றுதான் பெயராம். கன்னத்துத் தோலை இலையால் அளவெடுத்து மூக்கு அமைப்பதைச் சுஸ்ருதர் எழுதி வைத்திருக்கிறார். நெற்றித்தோல் முறை புனே பக்கத்தில் பரம்பரையாக நடந்துவந்தது. 1792 யுத்தத்தில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்டார். புனே அருகே செங்கல் சுடும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், மெழுகில் மூக்கின் அளவெடுத்து, நெற்றித்தோலைத் திருப்பி வைத்து மூக்கு செய்தார். ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள் பாலத்தை அறுத்தார். ஆங்கிலேய டாக்டர்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். 1794-இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு இது வந்தது. அதைப் படித்து, பிணங்களில் வருஷக்கணக்கில் பழகிப் பார்த்து, 1814-இல்தான் லண்டனில் கார்ப்யூ என்பவர் இதைச் செய்தார். தையல் இல்லாமல் அந்தப் புனேக்காரர் தோலை ஒட்டவைத்தது எதைக் கொண்டு தெரியுமா? காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி! "பார்த்தியா, வெத்திலைப் பெட்டியில இருக்கிறதுதானே? என் பெட்டியைப் பிடுங்கிட்டீங்களே" என்றார் அத்தை.

புழுவால் மட்டும்தான் மூக்கு போகும் என்றில்லை. பிரேசில், பெரு, பொலிவியா மாதிரி நாடுகளில் மணல் ஈ என்ற சிறு பூச்சி கடித்து ஒரு கிருமி உடம்பில் ஏறும். கடித்த இடத்துப் புண் ஆறிப்போய், வருஷங்கள் கழித்து அது மூக்கின் நடுத்தண்டைத் தின்ன ஆரம்பிக்கும். நம் நாட்டில் காலா அசார் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிக்கு அது பங்காளி. காலா அசார் கிருமியை 1903-இல் கண்டறிந்தவர்களில் ஒருவரான டோனவன் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்தான். அந்த ஊர்களிலும் மருந்தால் கிருமி ஒழிந்து, அது திரும்பி வரவில்லை என்று வெகுநாள் பொறுத்துப் பார்த்த பிறகே மூக்கைத் திருத்துகிறார்கள். அவசரப்பட்டால் வைத்த தோலையும் அது தின்றுவிடும். அத்தையை எட்டு மாதம் காக்க வைத்ததற்கு இதைக் கேட்டபிறகுதான் மாமா சமாதானம் ஆனார்.

மூன்று வாரம் கழித்துப் பாலத்தை அறுத்து, மிச்சத்தைப் புருவத்தோடு சேர்த்துத் தைத்தார்கள். ஐப்பசியில் மறுபடி ஒரு தடவை, தடிப்பாக இருந்த மூக்கை உள்ளே செதுக்கி மெல்லிசாக்கினார்கள். மொத்தம் மூன்று ஆபரேஷன். பழைய மூக்கு அப்படியே வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஒரு கோடு தெரியும். நெற்றியில் நடுவிலிருந்து சற்று வலப்புறமாக நெட்டுக்கு ஒரு தழும்பு. அகலமாகக் குங்குமம் வைத்தால் பாதி மறையும். தலைமுடி ஓரத்துத் தோல் என்பதால் மூக்கு நுனியில் இரண்டொரு முடி முளைக்கிறது. மாதம் ஒருமுறை என் மகள் இடுக்கியோடு உட்கார்வாள். ஆனால் கல்யாணத்துக்குப் போகிறார். பந்தியில் உட்காருகிறார். முந்தானை தோளில்தான் இருக்கிறது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சின்னக் குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், பட்டாணியோ புளியங்கொட்டையோ பஞ்சோ உள்ளே போயிருக்கிறது என்று வையுங்கள். நீங்களே ஊக்கு விட்டு நோண்டாமல் டாக்டரிடம் போங்கள். பொம்மையில் போடும் வட்டப் பேட்டரி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே அது நடுத்தண்டை அரித்துவிடும்.

மூக்குத்தியைப் பற்றிச் சொல்லவில்லையே. புது மடலில் குத்தக்கூடாது, உள்ளே முட்டுக் கொடுத்த குருத்தெலும்பு சீழ் பிடித்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 2019 பொங்கலுக்கு முன்னால் அத்தையே பத்தரை வரச்சொல்லி இடது மடலில் குத்திக்கொண்டார். "வடக்கத்திக்காரி மாதிரி இருக்கேனாடி?" என்று கேட்டார். டாக்டரிடம் கேட்டு, சர்க்கரை பார்த்துத்தான் குத்தினோம். அதே சிவப்புக்கல், அதே திருகு.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: கைவைத்தியம் வேண்டாம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இதற்கென்று உப்பும் சமையல் சோடாவும் சேர்ந்த பொடி கொடுப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மூக்கைக் கழுவணும். தண்ணீர் காய்ச்சி ஆறியதாகத்தான் இருக்கவேண்டும். குழாய்த் தண்ணீரோ குளத்துத் தண்ணீரோ ஆகாது, மூளையைத் தாக்கும் அமீபா அதில் இருக்கலாம். கிளிசரினில் குளுக்கோஸ் கலந்த சொட்டு மருந்தும் தருவார்கள். அத்தை இன்றும் காலையில் இதைச் செய்த பிறகுதான் காப்பி. சர்க்கரையும் சோதித்துவிடுங்கள். எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். "அத்தை, உங்களுக்கு மணம் தெரியலை, அது ஒரு வியாதியாம், வாங்க போய்க் காட்டிட்டு வருவோம்" என்று நேராகச் சொல்லுங்கள். நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் நாலு வருஷம் விட்டேன்.

இன்னொன்று. உங்கள் மாமியாரின் கட்டில் இப்போது எங்கே கிடக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.